நாற்பத்தொன்றாவது நிலையம்

குடிநீர் வாரிய அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் கழிப்பறையை ஒட்டி இருக்கும் அறையை யாருக்குக் கொடுப்பார்கள்? எதிர்த்துப் பேசத் தெரியாதவருக்குத்தான். அங்கே பதினாறு வருடமாக உட்கார்ந்திருப்பவரை எல்லோரும் முகவரிக்காரர் என்று கூப்பிடுவார்கள். பெயர் வைத்தவர் எதிர் மேசை மீட்டர்காரர். வீடுகளில் ஓடாத தண்ணீர் மீட்டர்களை ஆள் அனுப்பிச் சரி பண்ணுவது அவர் வேலை என்பதால் அவருக்கும் அப்படி ஒரு பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது.

முகவரிக்காரருடைய வேலையைச் சொன்னால் யாருக்கும் பிடிபடாது. அதனால் சொல்வதையே அவர் விட்டுவிட்டார். நகரத்தைச் சுற்றி நாற்பது நீரேற்று நிலையங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மோட்டார், அதற்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. மோட்டார் ஓடுகிறதா, தண்ணீர் ஏறுகிறதா என்று அந்தப் பெட்டி இணையம் வழியாக அலுவலகத்துக்குச் சொல்லும். தபால் வந்து சேர வீட்டுக்கு முகவரி வேண்டுமல்லவா, அந்த மாதிரி பெட்டிக்கும் ஒன்று வேண்டும். அதைக் கொடுப்பவர் இவர். கொடுத்த பிறகு, பெட்டிகளை நிமிடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கும் திரைக்கு முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவரும் இவரே. பதில் வந்தால் பச்சைப் புள்ளி. வராவிட்டால் சாம்பல்.

திரையில் நாற்பத்தொரு புள்ளிகள் இருந்தன. நாற்பது நிலையங்களுக்கு எப்படி நாற்பத்தொரு புள்ளி என்று இரண்டு வருடமாக ஒருவரும் கேட்டதில்லை. அந்த அறைக்குள் வருகிறவர்களில் பாதிப் பேர் கழிப்பறை என்று நினைத்துத் தவறி நுழைகிறவர்கள்.

நாற்பத்தொன்று, அவருடைய அக்காவின் சமையலறை.

அக்கா அவரைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவருக்குத் தலை வாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள். முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றாள். பிள்ளைகள் இல்லை. அத்தான் போய் ஆறு வருடம் ஆகிறது. பக்கத்து நகரத்தில் ஒரு அடுக்கு வீட்டின் மூன்றாம் மாடியில் தனியாக இருந்தாள். முகவரிக்காரர் இந்த நகரத்தில் தனியாக இருந்தார். அவர் மனைவி பிரிந்து போய்ப் பதினோரு வருடம். இருவரும் சண்டை போட்டுப் பிரியவில்லை. சண்டை போடும் அளவுக்கு அவர்கள் பேசிக்கொண்டதே கிடையாது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பில் விரிசல். காலை ஏழு மணிக்கு விழுந்தவள் மறுநாள் மத்தியானம் வரை ஈரத் தரையில் கிடந்தாள். குழாயை மூட முடியாமல் தண்ணீர் வழிந்து, கீழ் வீட்டுக் கூரையில் கசிந்து, அந்த வீட்டுக்காரி சண்டைக்கு வந்ததில்தான் விஷயம் தெரிந்தது. முகவரிக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா சொன்னது ஒன்றுதான். "கத்திப் பார்த்தேன்டா. அப்புறம் விட்டுட்டேன்."

அந்த வார்த்தை அவரைப் பிடித்து ஆட்டியது. என்னோடு வந்து இரு என்றார். நீ ஏன் இங்கே வரக் கூடாது என்றாள் அவள். இரண்டு பேருக்கும் வீட்டை விட மனமில்லை. பேச்சு அதோடு நின்றது. முகவரிக்காரருக்கு இன்னொருவருக்காகச் செய்யத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்தார். நீரேற்று நிலையத்துக்கென்று வாங்கி மிச்சமாகக் கிடந்த ஒரு பெட்டியைக் கொண்டுபோய் அக்காவின் சமையலறை விளக்கோடு சேர்த்து மாட்டினார். அந்தச் சமையலறைக்கு ஜன்னல் கிடையாது, பகலிலும் விளக்கு வேண்டும். காலையில் எழுந்து விளக்கைப் போட்டால் பெட்டிக்கும் உயிர் வரும். அலுவலகத் திரையில் நாற்பத்தொன்று பச்சையாகும். அக்கா எழுந்துவிட்டாள், நடமாடுகிறாள் என்று அர்த்தம். மத்தியானம் அவள் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் இரண்டு மணி நேரம் சாம்பல், பிறகு மறுபடி பச்சை. ராத்திரி அணைந்துவிடும், ஆனால் அதைப் பார்க்க அவர் அங்கே இருப்பதில்லை.

"இது காலையில எரியலன்னா," என்று அவர் ஏணியில் நின்றபடி சொல்லியிருந்தார், "ஒண்ணே கால் மணி நேரத்துல உன் வாசல்ல நிப்பேன்."

அக்கா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். அன்றைக்கு இருவருக்குமே அது பெரிய விஷயமாகத்தான் இருந்தது.

பெட்டி வந்த பிறகு என்ன ஆயிற்று என்றால், ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு குறைந்தது. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் முக்கால் மணி நேரம் போனில் பேசுவார்கள். கால் வலி, மாடிப்படி, மாத்திரை, பழைய கதை. இப்போது அவருக்குக் கேட்க ஒன்றும் இல்லை. எப்போது எழுந்தாள், எப்போது படுத்தாள் எல்லாம் திரையிலேயே இருந்தது. "நேத்து அஞ்சரைக்கே எழுந்துட்டே போலிருக்கே" என்று ஆரம்பிப்பார். "ஆமா" என்பாள். பேச்சு முடிந்துவிடும். முக்கால் மணி நேரம் இருபது நிமிடமாகி, பத்தாகி, பிறகு ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு என்று ஆனது. அவர் அதைக் கவனிக்கவில்லை. காலை எட்டரைக்கு வந்து பையை வைக்கும் முன் நாற்பத்தொன்றைப் பார்ப்பார். பச்சை. அக்காவைப் பார்த்துவிட்டதாகவே அவருக்குத் தோன்றும்.

அந்த நிலையில்தான் மேலிடத்திலிருந்து ஆணை வந்தது. பழைய முகவரிகள் எல்லாம் மாத முடிவுக்குள் புது முறைக்கு மாற வேண்டும்.

"ஏன் முகவரி, பழசுக்கு என்ன கேடு?" என்று கேட்டார் மீட்டர்காரர்.

"தீர்ந்துபோச்சு. உலகத்துல இருக்கற அத்தனை மிஷினுக்கும் பத்தல."

"புதுசு எவ்வளவு இருக்கு?"

"எவ்வளவு வேணா எடுத்துக்கலாம். மண்ணுல இருக்கற ஒவ்வொரு துகளுக்கும் ஒண்ணு கொடுத்தாலும் மிஞ்சும்."

மீட்டர்காரர் யோசித்தார். "அவ்வளவு முகவரி இருந்து என்ன பிரயோஜனம். எனக்கு லெட்டர் போட ஒருத்தர் இல்ல."

பழைய முகவரி என்பது நான்கு எண்கள், நடுவில் புள்ளிகள். ஏழாவது நிலையத்துக்கு 10.20.30.7, எட்டாவதுக்குக் கடைசியில் எட்டு. முதல் மூன்று எண்களும் எல்லோருக்கும் பொது, கடைசி எண்தான் நிலையத்தின் எண். குழந்தைகூட மனப்பாடம் செய்துவிடும். புது முகவரி ரயில் மாதிரி நீளம். அதோடு அதில் பத்துப் பத்தாக எண்ணுவது கிடையாது, பதினாறு பதினாறாகத்தான் எண்ண வேண்டும். ஒன்பதுக்கு அடுத்துப் பத்து வராது, ஆங்கில 'ஏ' வரும். பிறகு 'பி', 'சி' என்று 'எஃப்' வரை போய், பதினாறு வந்த பிறகுதான் ஒன்றும் சைபரும் போடலாம். நீங்கள் பதினாறு என்று நினைப்பது அங்கே பத்து மாதிரி இருக்கும். நீங்கள் இருபத்தைந்து என்று படிப்பது அங்கே முப்பத்தேழு.

நிலையங்களில் இருந்த பெட்டிகள் கிழடுகள், புது முகவரி அவற்றில் ஏறாது. அதனால் நடுவில் ஒரு மொழிபெயர்க்கும் பெட்டி வைத்தார்கள். பழைய முகவரியைப் பதினாறு முறைக்கு மாற்றிப் புது முகவரியின் வாலில் எழுதிவிட வேண்டும். திரை புது முகவரியைக் கூப்பிடும், நடுப்பெட்டி வாலைப் பிரித்துப் பார்த்துப் பழைய பெட்டியைத் தட்டி எழுப்பும். நாற்பது முகவரிகளையும் மாற்ற முகவரிக்காரர் ஒரு சின்னக் கணினி நிரல் எழுதினார். பட்டியலை ஒரு பக்கம் போட்டால் மறுபக்கம் மாறி வந்தது. பிசிறில்லாத வேலை.

நாற்பத்தொன்று அந்தப் பட்டியலில் இல்லை. எப்படி இருக்கும்? அது மேலதிகாரி கையெழுத்துப் போட்ட பட்டியல். அக்காவின் சமையலறையை அதில் சேர்த்தால் வேலைக்கே உலை வைத்துவிடும். அதனால் ஒரு சனிக்கிழமை, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, அதை மட்டும் அவர் காகிதத்தில் எழுதிக் கையால் மாற்றினார். பத்து, இருபது, முப்பது மூன்றையும் சரியாக மாற்றினார். நான்காவதாக 41 என்று எழுதித் திரையில் ஏற்றினார். கூப்பிட்டுப் பார்த்தார்.

பதில் கண் மூடித் திறப்பதற்குள் வந்தது. முன்பு அக்கா வீட்டிலிருந்து பதில் வரக் கொஞ்சம் தாமதமாகும், தூரம் அப்படி. இப்போது பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல வந்தது. "புதுசுன்னா புதுசுதான்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளக்கை அணைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் ஞாயிறு. மூன்று வாரத்துக்குப் பிறகு அக்காவைக் கூப்பிட்டார்.

"இந்த வாரம் வரியா?" என்றாள் அக்கா. "கொஞ்சம் பேசணும்."

"இந்த மாசம் பூரா மூச்சு விட நேரமில்லக்கா. முகவரி மாத்தற வேலை தலைக்கு மேல கெடக்கு. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்."

"அதான் பார்க்கறேனே, தினம் பச்சை எரியுது. அது போதும் எனக்கு. வெச்சிடட்டுமா?"

வைத்துவிட்டார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை.

அடுத்த இரண்டரை வாரம் அவருக்கு வேலை பிடுங்கித் தின்றது. ஆனாலும் காலையில் நாற்பத்தொன்றைப் பார்ப்பது மட்டும் தவறவில்லை. இன்னொன்றையும் கவனித்தார். மத்தியானச் சாம்பல் நின்றுபோயிருந்தது. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, எப்போது பார்த்தாலும் பச்சை. அக்கா இப்போதெல்லாம் பகலில் படுப்பதில்லை போலிருக்கிறது, உடம்பு தேறிவிட்டது என்று நினைத்தார். மனசு லேசானது. ஒருநாள் மீட்டர்காரர் சொன்ன அறுதப் பழசான ஜோக்குக்குக்கூட வாய்விட்டுச் சிரித்தார். எழுபது வயதை நெருங்கும் ஒருத்தி பகல் முழுக்க நின்றுகொண்டே இருந்தால் அது நல்ல செய்தியா என்று ஒரு தடவை யோசித்திருக்கலாம். அவர் யோசிக்கவில்லை, ஏனென்றால் பச்சையைப் பார்த்தால் யோசிக்க வேண்டாம் என்பதற்காகத்தானே அந்தப் பெட்டியையே மாட்டினார்.

பிறகு அந்த வியாழக்கிழமை வந்தது. அலுவலக வாசலில் வருகைப் பதிவு மிஷினைப் பிரித்துச் சரி பார்க்க ஆள் வரப் போகிறது என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. எல்லோரையும் மாதிரி அவரும் விரலை வைத்துவிட்டு மாடிக்குப் போனார். நாற்பத்தொன்று பச்சை. டீயை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்பது ஐம்பதுக்கு நாற்பத்தொன்று சாம்பலானது.

மத்தியானம் என்றால் படுத்திருக்கிறாள் எனலாம். காலை ஒன்பது ஐம்பதுக்கு அக்கா விளக்கை அணைத்ததே கிடையாது. ஐந்து நிமிடம் பார்த்தார். போன் போட்டார், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டார். அதே கதை. ஈரத் தரை கண்ணுக்குள் வந்தது. 'கத்திப் பார்த்தேன்டா. அப்புறம் விட்டுட்டேன்.'

"நாற்பத்தொண்ணு போயிடுச்சு, நான் போய்ப் பார்க்கறேன்," என்று மீட்டர்காரரிடம் சொல்லிவிட்டுப் படியில் தடதடவென்று இறங்கினார்.

"ஒரு பம்புக்கா இந்த ஓட்டம்?" என்றது மேலேயிருந்து குரல்.

காரில் போன ஒன்றே கால் மணி நேரமும் அவர் என்னென்னவோ நினைத்தார். கதவை உடைக்க யாரைக் கூப்பிடுவது என்று நினைத்தார். போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் ஏன் பேசவில்லை என்று தன்னையே வைதார். 'கொஞ்சம் பேசணும்' என்று அவள் சொன்னது இப்போதுதான் காதில் விழுந்ததுபோல இருந்தது. மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்க, மணியை அழுத்திய கையை எடுக்காமல் நின்றார்.

கதவு திறந்தது. அக்கா நின்றிருந்தாள். தலை குளித்து ஈரக் கூந்தலில் துண்டு சுற்றியிருந்தாள். போன் அடித்தது அதனால்தான் கேட்கவில்லை.

அவரைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. மலர்ந்த வேகத்திலேயே வாடியது. "வந்துட்டியா," என்றாள். பிறகு, "இப்பத்தான் தெரிஞ்சுதா உனக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள்.

முகவரிக்காரர் நிலைக் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். உயிரோடு இருக்கிறாள், நடக்கிறாள், கோபப்படுகிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு பின்னாலேயே சமையலறைக்குப் போனார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் பெட்டி இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் இருந்தன.

"பெட்டி எங்கக்கா?"

அக்கா குளிர்பெட்டியின் மேலே கையைக் காட்டினாள். பெட்டி அங்கே இருந்தது. வயரை அழகாகச் சுற்றி நூலால் கட்டி வைத்திருந்தாள்.

"காலையிலதான் எடுத்தியா?"

"காலையிலயா? பதினேழு நாளாச்சு. நீ கடைசியா பேசினியே, அதுக்கு மறுநாளே எடுத்துட்டேன்."

"இல்லக்கா," என்றார் அவர். "இன்னிக்கு ஒன்பது அம்பது வரைக்கும் எரிஞ்சுதே."

"எது எரிஞ்சுது? வயர் இங்க இருக்கு."

அவர் பெட்டியைக் கையில் எடுத்தார். விரலில் தூசி ஒட்டியது. அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் போன் அடித்தது. மீட்டர்காரர்.

"முகவரி, வீணா அலையாதீங்க. உங்க நாற்பத்தொண்ணு மறுபடி பச்சை ஆயிடுச்சு. பார்த்துக்கிட்டே இருக்கேன், ஜம்முனு எரியுது."

அவர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"எப்போ வந்துச்சு?"

"இப்பத்தான். வருகை மிஷினும் சரியாயிடுச்சு, அதுக்கும் இதுக்கும் ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்ல. மத்தியானம் வந்தீங்கன்னா விரலை வெச்சிடுங்க."

முகவரிக்காரர் போனை அணைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வருகை மிஷின். அதன் பழைய முகவரியும் அதே வரிசைதான், கடைசி எண் மட்டும் அறுபத்தைந்து. பதினாறு பதினாறாக எண்ணினால் நான்கு பதினாறு அறுபத்து நான்கு, மேலே ஒன்று. அறுபத்தைந்தை அங்கே 41 என்று எழுத வேண்டும். நாற்பத்தொன்றை 29 என்று எழுதியிருக்க வேண்டும். அவர் 41 என்றே எழுதியதால் நடுப்பெட்டி வருகை மிஷினைத் தட்டி எழுப்பியிருக்கிறது. மற்ற மூன்று எண்களையும் மாற்றிய கை இதை மாற்றவில்லை. இரண்டு வருடமாக நாற்பத்தொன்று என்று சொல்லிச் சொல்லி அது எண் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது, அது அக்கா. அக்காவை யார் மாற்றுவார்கள்?

பதினேழு நாள். தினமும் காலையில் வாசலில் விரல் வைத்த மிஷினையே மாடிக்குப் போய்த் திரையிலும் பார்த்து, அக்கா எழுந்துவிட்டாள், உடம்பு தேறிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

'ஆமாம், இன்றைக்குத்தான் கவனித்தேன், வேலை அதிகம்' என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அக்காவுக்கு என்ன தெரியப் போகிறது? ஆனால் அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் சொன்னார். பழைய முகவரி, புது முகவரி, நடுப்பெட்டி, வருகை மிஷின். அக்கா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்று முழுசாகக் கேட்டாள். முப்பது வருடம் இணைப்புப் பலகையில் உட்கார்ந்தவள், இரண்டு தடவை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"ஆக, நீ என் வீட்டு மணியை அடிச்சே, வேற யாரோ 'இருக்கேன்'னு சொன்னாங்க."

"ஆமா."

"எங்க எக்ஸ்சேஞ்சுல அப்படிப் பண்ணினா சீட்டைக் கிழிச்சிடுவாங்க," என்றாள் அக்கா. "யார் எடுத்தாலும் முதல்ல பேரைக் கேக்கணும். நீ பேரைக் கேட்டியா?"

அவர் பெட்டியின் தூசியைக் கட்டைவிரலால் துடைத்தார்.

"நான் ஏன் எடுத்தேன்னு கேக்க மாட்டியா?"

"ஏன்கா?"

"உன்னை வரவழைக்கத்தான். வேற எதுக்கு? அது எரியலன்னா ஒண்ணே கால் மணி நேரத்துல வாசல்ல நிப்பேன்னு நீதானே சொன்னே. கூப்பிட்டா வர மாட்டேங்கறே, வேலைங்கறே. சரி, இதைப் புடுங்கினாலாவது வருவான்னு புடுங்கினேன்." அவள் குரல் உயரவில்லை. "முதல் நாள் ரெண்டு பேருக்குச் சமைச்சேன். வந்தா என்ன சொல்லித் திட்டுவே, நான் என்ன சொல்லிச் சமாளிக்கணும், எல்லாம் யோசிச்சு வெச்சேன். சாயங்காலம் வரைக்கும் ஜன்னல்கிட்டயே நின்னேன். ரெண்டாம் நாள், ஏதோ அவசர வேலையா இருக்கும்னு நெனச்சேன். மூணாம் நாளும் அப்படித்தான்."

"அக்கா."

"இரு. அஞ்சாம் நாள் எனக்கு பயம் வந்துடுச்சு. எனக்கு ஒண்ணுன்னா ஓடி வர்ற பிள்ளை வரலன்னா, அவனுக்குத்தான் என்னமோ ஆயிடுச்சுன்னு அர்த்தம். எனக்கு அப்படித்தான் தோணுச்சு. உன் ஆபீசுக்குப் போன் பண்ணினேன். யாரோ ஒருத்தர் எடுத்தார். இருக்காரான்னு கேட்டேன். இருக்கார்மா, சீட்டுலதான் இருக்கார், சிரிச்சுக்கிட்டு இருக்கார், கூப்பிடட்டுமான்னார். வேண்டாம்னு வெச்சிட்டேன்."

முகவரிக்காரர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அன்றைக்கு எதற்குச் சிரித்தார் என்று அவருக்கு நினைவு வந்தது, அது இன்னும் வலித்தது. போன் வந்த விஷயத்தை மீட்டர்காரர் சொல்லவே இல்லை. சொல்ல என்ன இருக்கிறது, யாரோ ஒரு அம்மா, பெயர்கூடச் சொல்லவில்லை.

"நான் தப்பைச் சரி பண்ணிடறேன்," என்றார் கடைசியில். "அஞ்சு நிமிஷ வேலை. பெட்டியை மாட்டிட்டு நம்பரை மாத்திட்டா போதும். இந்தத் தடவை சரியா..."

"வேண்டாம்."

"திரும்ப விழுந்தா என்ன பண்ணுவே?"

"விழுந்தா விழுந்து கெடப்பேன். அது எனக்குத் தெரிஞ்ச கஷ்டம். ஒருத்தன் பார்த்துக்கிட்டிருக்கான், இதோ வந்துடுவான்னு பதினேழு நாள் உக்காந்திருந்தேனே, அதை இன்னொரு தடவை என்னால முடியாது. வர முடியலன்னா வராதே தம்பி. ஆனா பார்த்துக்கிட்டிருக்கேன்னு மட்டும் சொல்லாதே."

அவர் பெட்டியை மேசைமேல் வைத்தார். திருப்பி எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அக்கா போய் அதை இறுக்கினாள், நிற்கவில்லை, விட்டுவிட்டு வந்தாள். அவள் நடை முன்பைவிடச் சாய்ந்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் மேடையைப் பிடித்துக்கொண்டாள். இது எப்போதிலிருந்து என்று அவருக்குத் தெரியாது.

"அன்னிக்குப் பேசணும்னு சொன்னியே," என்றார். "என்ன விஷயம்?"

"இப்ப எதுக்கு அது?"

"சொல்லுக்கா."

அக்கா அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் மெதுவாக, இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்தாள். தலைத் துண்டை அவிழ்த்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

"இந்தப் பதினேழு நாளும் காலையில அந்தப் பச்சையைப் பார்த்தியா?"

"தினமும் பார்த்தேன்."

"பார்த்துட்டு என்ன நெனச்சே?"

அவர் உண்மையையே சொன்னார். "நல்லா இருக்கேன்னு நெனச்சேன். நிம்மதியா இருந்துச்சு."

அக்கா துண்டை மடியில் வைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். ஐம்பது வருடத்தில், அம்மா போன அன்றும், அத்தான் போன அன்றும், ஆஸ்பத்திரிப் படுக்கையிலும்கூட அவள் சொல்லாத ஒன்றைச் சொன்னாள்.

"நான் நல்லா இல்லடா."

முகவரிக்காரர் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டார். என்ன செய்கிறது, எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று கேட்க வேண்டும். வாய் வரை வந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கேட்கிற பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது.